காவுகிறவள்

தம்பி,

சின்னம்மா வீட்டு அடுப்பில் உள்ளியைத் தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சுகிறார்கள். வேலிக்கு இந்தப் பக்கம் இருந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். மணம் வந்ததும் சுளகை வைத்துவிட்டு எழும்பினேன். எண்ணெய் ஆறுவதற்குள் உன் காலைத் துடைத்து வைக்க வேண்டும் என்று உன் அறைக்குள் போய்விட்டேன். அங்கே இப்போது நெல் மூட்டைகள்தான் இருக்கின்றன. மூட்டைக்குக் கால் துடைக்க வந்த என்னைக் கண்டால் நீ ஒரு கிழமைக்குச் சிரித்திருப்பாய்.

எண்ணெய் வினோவுக்கு. வயிற்றில் பிள்ளை, முதல் பிள்ளை, கால் வீங்கிவிட்டது. உனக்குத் தெரிந்த வினோ, அம்மாவின் தங்கை சின்னம்மாவின் ஒரே மகள், வேலிப் பொட்டால் புகுந்து வந்து உன் சில்லுக் கதிரையைத் தள்ளிக்கொண்டு முற்றமெல்லாம் ஓடுவாள். இப்போது வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடக்கிறாள். அவளுக்குக் கலியாணம் நடந்த கதையை உனக்குச் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். முக்கால்வாசி உனக்குச் சிரிப்பு வரும். மிச்சத்துக்கு என்னிடம் மருந்தில்லை.

உன் கெண்டைக்கால்தான் எங்களை முதலில் ஏமாற்றியது. நீ நடக்கத் தொடங்கிய காலத்தில் அந்தக் காலைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள். உருண்டு திரண்டு, பிடித்தால் கல்லாக இருக்கும். கோயில் வீதியில் ஒரு மனிசி உன் காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம், "மல்லன்ட கால் கா இது. வளந்தா வட்டைக்க உழவு மாடு தேவல்ல" என்றாள். அம்மா வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணூறு கழித்தாள். அன்றிலிருந்து மற்றப் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் வைக்கும் கறுப்புப் பொட்டை உனக்குக் கெண்டைக்காலில் வைத்தாள். அந்தத் திரட்சி பலம் அல்ல, தசை கெட்டுக் கொழுப்பாக மாறுவதன் அடையாளம் என்று பட்டணத்து டொக்டர் சொல்லும்வரை நாங்கள் ஒரு நோய்க்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தோம்.

பிறகு நீ விழத் தொடங்கினாய். விழுந்தால் உடனே எழும்ப மாட்டாய். கையை முழங்காலில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, உன்மேலேயே நீ ஏறி எழும்புவாய். அதைப் பார்த்து வகுப்பில் பொடியன்கள் பழகிக் காட்டினார்கள் என்று சொல்லி நீயே எனக்கு நடித்துக் காட்டினாய். நான் சிரித்தேன், பிறகு கிணற்றடிக்குப் போய் அழுதேன். பள்ளிக்கூடத்துக்கு உன்னைத் தூக்கிக் காவிக்கொண்டு போகத் தொடங்கியது அந்த வருடம்தான். முதலில் இடுப்பில், பிறகு முதுகில். கதிரை கிடைத்த பிறகும் கட்டிலிலிருந்து கதிரைக்கு, கதிரையிலிருந்து கிணற்றடிக்கு, வள்ளத்திலிருந்து கரைக்கு. அப்போது பாலம் இல்லை. வாவியைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போக, பாதை என்று நாம் சொல்லும் அந்த இரும்பு மிதவையில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு நிற்கும் சனத்துக்குள் குந்தியிருப்பேன்.

தூக்குவதற்கு ஒரு முறையை நீதான் கண்டுபிடித்தாய். "அக்கா, தூக்கக்குள்ள எங்கிட்டக் கதை. மூச்சப் புடிச்சா நீயும் விழுவ, நானும் விழுவன்." அதனால் உன்னைத் தூக்கும்போதெல்லாம் வாயில் வந்ததைக் கதைப்பேன். ஆணத்துக்கு உப்புக் கூடிவிட்டது, நாய் குட்டி போட்டிருக்கிறது, பக்கத்து வீட்டான் வாய்க்காலை மறித்துவிட்டான். ஊரில் பாதி நியாயத்தை நாம் கட்டிலுக்கும் கதிரைக்கும் நடுவில்தான் பேசி முடித்தோம்.

டொக்டர் நல்லவர். மெதுவாகத்தான் சொன்னார். தசை தேய்கிற வருத்தம், தாய்வழியாக வருவது, பெண்கள் வெளியில் தெரியாமல் வைத்திருப்பார்கள், ஆண் பிள்ளைகளுக்குத்தான் தாக்கும் என்றார். வேறு ஊரில் என்றால் அது ஒரு விளக்கம். நம் ஊரில் அது வழக்கு. நமக்குக் குடி என்கிற குலவழி தாயால் வருகிறது. கோயிலில் எந்தக் குடிக்கு எந்த மரியாதை, யார் வீட்டில் பெண் எடுக்கலாம் எல்லாம் தாயைக் கேட்டுத்தான். ஒரு தாயின் வயிற்றிலிருந்து கிளைத்த பெண்களின் வரிசைக்கு வயிற்றுவார் என்று பெயர் வைத்து அதைப் பொன்னைப்போல் காப்பாற்றுகிறோம். அந்த வாரோடு ஒரு வருத்தமும் ஓடுகிறது என்றால் அம்மா எங்கே போவாள்? "என்ட வயித்துக் குத்தமா ஐயா?" என்று கேட்டாள். இல்லை அம்மா, இது யாருடைய குற்றமும் இல்லை என்று அவர் எத்தனையோ விதமாகச் சொன்னார். அம்மா அதற்குப் பிறகு அந்த நோயின் பெயரை ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. அவளுடைய தம்பி, நம் மாமா, பதினெட்டைக் காணாமல் படுக்கையில் செத்ததற்கும் புளியமரத்தால் விழுந்த கதைதான் அவள் கண் மூடும்வரை இருந்தது.

எனக்கு வயது வந்த பிறகு நானும் இரத்தம் கொடுத்துப் பார்த்தேன். கொழும்புக்கு அனுப்பி முடிவு வந்தது. "நீங்களும் ஒரு காவி" என்றார் டொக்டர். பள்ளிக்கூடத்தில் மலேரியா நுளம்பை நோய்க்காவி என்று படித்தோம், அன்று நானே நுளம்பாகி வீட்டுக்கு வந்தேன். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொன்னதும் நீ சிரித்த சிரிப்பில் உனக்கு இருமல் வந்துவிட்டது. "நீ காவி எண்டு டொக்டர் இப்பதான் கண்டுபுடிச்சாரா? இவ்வளவு காலமும் என்னக் காவினது ஆர் பின்ன?"

அந்தச் சிரிப்பு அடங்கிய பிறகு சொன்னதையும் நான் மறக்கவில்லை. "என்னோட முடியட்டும் அக்கா. வினோ சின்னப் புள்ள. அவள் வளந்து கலியாணம் பேசக்குள்ள அவளுக்கும் பாத்திட்டுச் செய்யச் சொல்லு. தெரிஞ்சா டொக்டர்மாரிட்டக் கேட்டு ஒரு வழி பாக்கலாம். தெரியாட்டித்தான் ஏலா." உனக்கு அப்போது கழுத்துக்குக் கீழே ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. நீ அவளுடைய பிறக்காத பிள்ளைகளுக்காகக் கவலைப்பட்டாய். நான் ஓம் என்றேன்.

நீ கண் மூடியது ஒரு மாரி வெள்ளக் காலத்தில். உன்னை வைத்திருந்த இடமெல்லாம் ஈரமாக இருந்தது. அதைப் பற்றி எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

என் உடம்புக்கு மட்டும் நீ போனது விளங்கவில்லை. விடிந்தால் தோள் ஒரு பாரத்தைத் தேடும். சும்மா இருக்க முடியாமல் அப்பாவோடு வயல் வட்டைக்குப் போய் நெல் மூட்டை தூக்கினேன். சாக்கோடும் கதைத்தேன். அப்பா ஒருநாள் திரும்பிப் பார்த்துவிட்டு, தன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வினோவுக்குக் கிரான் ஊரில் இருந்து கலியாணப் பேச்சு வந்தபோது சின்னம்மாவிடம் போனேன். கலியாணத்தைக் குழப்ப வரவில்லை, ஒரு இரத்தப் பரிசோதனை, எது வந்தாலும் தெரிந்துகொண்டு செய்யட்டும் என்றேன். சின்னம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். அரிவாளை நிமிர்த்தி வைத்தபடியே சொன்னாள்.

"அந்தக் கதைய வாசலுக்கு வெளியில கொண்டு போகாத மகள். நம்மட வயித்துவாரில பொண் எடுக்க மறுகா ஆரு வருவான்? உன்னக் கேட்டு வந்தவங்கள் நீ வாயத் துறந்ததும் போன போக்க நான் பாக்கலயா?"

பார்த்தாள்தான். எனக்கு வந்த மாப்பிள்ளை வீட்டாரிடம் நானே சொல்லிவிட்டேன். தேத்தண்ணி குடித்த கோப்பையைக் கீழே வைக்கமுன் எழும்பிவிட்டார்கள். அதற்கு நான் பெரிதாக அழவில்லை. ஆனால் சின்னம்மாவின் வாயால் கேட்டபோது சுட்டது.

வீட்டுக்குள் ஏலாவிட்டால் ஊருக்குள் சொல்வோம் என்ற யோசனை அப்போதுதான் வந்தது. சித்திரை வருடப்பிறப்பு விளையாட்டில் நடக்கும் பலசாலிப் போட்டி உனக்கு உயிர். எல்லைக் கயிற்றோரம் கதிரையில் இருந்துகொண்டு ஒவ்வொருத்தனுக்கும் பட்டம் வைப்பாய். மூட்டையைத் தோளில் ஏற்றித் தள்ளாடுகிறவனைப் பார்த்து, "அக்கா, அடுத்த பொறப்பில நான் மூட்டை. நீ தூக்கித் தூக்கிச் சா" என்று சொன்னது அந்த இடத்தில்தான். பெண்களுக்கு அங்கே தேங்காய் துருவுதலும் தென்னோலைக் கிடுகு பின்னுதலும்தான். விளையாட்டுக் கழகச் செயலாளர் உன்னோடு படித்தவன். அவனிடம் போய், நான் மூட்டை தூக்குகிறேன், என் தம்பியின் நினைவாக, அவனுடைய வருத்தத்தைப் பற்றி ஒலிபெருக்கியில் நீ சொல்ல வேண்டும் என்றேன்.

"நோயின்ட பேரச் சொல்லுறன் அக்கா. தாய்வழி எண்டதும் சொல்லத்தான் வேணுமா?"

"அதச் சொல்லத்தானே தூக்கிறன்."

"சரிகா, சொல்லுறன்" என்றான். உன் வகுப்புக்காரன் என்று நம்பினேன்.

அறுவடை முடிந்த வட்டையில், வெட்டிய தாள் காலைக் குத்தும் நிலத்தில் நடந்தது. பெண்கள் பிரிவு ஒன்றைச் சிரிப்புக்காகத் திறந்தார்கள். அரை மூட்டை வைத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் வைத்துவிட்டு, ஆண்களின் மூட்டையைத் தாருங்கள் என்றேன். சனம் ஊளையிட்டது. மூட்டையைத் தோளில் ஏற்றியதும் பழக்கத்தில் வாய் திறந்துவிட்டது. வாய்க்காலை மறித்தவன் இன்னும் திருந்தவில்லை, நாய் போன மாதம் செத்துவிட்டது, சின்னம்மா என்னோடு பேசுவதில்லை என்று மூட்டைக்குச் சொல்லிக்கொண்டே நடந்தேன். நான் மந்திரம் சொல்வதாகப் பிறகு கதை பரவியது. பாரம் உன்னைவிடக் கூட. ஆனால் மூட்டைக்கு நோகாது, அதனால் அது சுகமான பாரம். லொறி டயரைப் புரட்டினேன், உழவு இயந்திரத்தைக் கயிறு கட்டி இழுத்தேன். ஆண்களில் இரண்டு பேருக்குப் பின்னால்தான் வந்தேன். பெண்களில் எனக்குக் கிட்ட ஒருவரும் இல்லை. மனம் நிறைந்துதான் இருந்தது தம்பி, பொய் சொல்ல மாட்டேன். இனி அவன் சொல்லப்போகிறான், எல்லாரும் கேட்கப்போகிறார்கள் என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன்.

மேடையில் கோயில் வண்ணக்கர் இருந்தார். கோயில் காரியம் பார்க்கிறவர், நான்கு குடிக்கும் பொதுவான மனிதர். அவர் செயலாளரின் காதுக்குள் குனிவதைக் கண்டேன். பிறகு ஒலிபெருக்கியில் வந்தது இதுதான்: "தசை நோயால் மறைந்த தம்பியின் நினைவாகப் போட்டியிட்ட இந்த அக்கா, தாய்வழியாக வந்த பெலத்தால் இன்று வெற்றிவாகை சூடுகிறார்."

கைதட்டல் வட்டைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டிருக்கும். நான் மேடைக்கு ஓடினேன். அவன் முகம் வெளிறிப்போய் நின்றான். "மைக்கில ஒரு குடியப் போட்டு இழுக்கக்கூடா எண்டு வண்ணக்கர் சொன்னார் அக்கா. நோய் எண்டுதான் வாய்க்க வந்தது. பெலம் எண்டு போயிட்டு." மைக்கைத் தா, நானே சொல்கிறேன் என்று கையை நீட்டினேன். அதற்குள் அடுத்த போட்டிக்கு, தொங்கவிட்ட முட்டிப் பானையை உடைக்கிறவனுக்குக் கண் கட்டியாகிவிட்டது, மைக் அங்கே போய்விட்டது. வண்ணக்கர் என்னைக் கோபிக்கவில்லை. தலையில் கை வைத்து, "உன்ட அம்மாட பேர நீ காப்பாத்திட்டாய் மகள்" என்றார்.

இதைவிடப் பெரியது பின்னால் வந்தது. கிரானிலிருந்து, வினோவுக்குப் பேசிய மாப்பிள்ளையின் தாய் விளையாட்டுப் பார்க்க வந்திருந்தாள். இந்த வீட்டில் ஒரு பொடியனுக்குக் கால் வழங்கவில்லையாம் என்று யாரோ சொல்லி அவர்கள் பேச்சை இழுத்தடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவள் சனத்தை விலக்கிக்கொண்டு வந்து என் கையை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தாள். மாடு வாங்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"கண்ணால கண்டிட்டன். இந்த வயித்துவாரில பெலத்துக்கு என்ன குற? அந்தப் பொடியனுக்குக் கண்ணூறுதான் பட்டிரிக்கும்."

"இல்ல மாமி, எங்கட அம்மாட தம்பிக்கும்..." என்று தொடங்கினேன்.

"மறுகா பேசுவம் மகள். முதல்ல தண்ணியக் குடி, மூச்சு வாங்குது."

மறுகா, பிறகு என்ற அந்த நேரம் வரவில்லை. அடுத்த கிழமை வெற்றிலைத் தட்டோடு வந்துவிட்டார்கள். என்னோடு பேசாமல் இருந்த சின்னம்மா வேலியால் வந்து என்னைக் கட்டிப் பிடித்தாள். எனக்குக் கொடுத்த கேடயத்தை வாங்கிக்கொண்டு போய்த் தன் வீட்டு அலுமாரியில், வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி வைத்தாள். உனக்காக நான் தூக்கிய மூட்டைதான் அந்தக் கலியாணத்தை முடித்து வைத்தது. நான் தோற்றிருந்தால், ஒரு முழங்காலாவது மடங்கியிருந்தால், அவர்கள் யோசித்திருப்பார்கள். எனக்கு விழத் தெரியவில்லை.

சின்னம்மாவை விட்டுவிட்டு வினோவிடம் நேரே போனேன். இரத்தம் அவளுடையது, முடிவும் அவளுடையது. தனியாக வைத்து எல்லாம் சொன்னேன்: மாமாவின் கதை, உன் கதை, என் முடிவு. அவள் நன்றாகப் படித்தவள், விளங்காமல் இல்லை. ஊஞ்சல் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"நீ பாத்தாய்தானே அக்கா. பாத்து என்ன கண்டாய்? அந்த வீட்டில மூட்டையோட கதைச்சிட்டிருக்கிறாய். உன்னப்போல இருக்க எனக்குப் பெலமில்ல கா."

கோபம் வந்தது, அடுத்த நிமிடமே போய்விட்டது. அவள் என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னாள். கலியாண வீட்டில் எல்லாருடைய முன்னாலும் எனக்குப் பெரிய மரியாதை. கிரான்காரர் என்னைக் கண்டால் எழும்பி நின்றார்கள். நான் பந்தலில் வாழைமரம் தூக்கிக் கட்டினேன், தண்ணிக் கிடாரம் தூக்கினேன். யாராவது வந்து, அக்கா இந்த நோய் என்ன நோய் என்று கேட்பார்கள் என்று பார்த்தேன். என்ன சாப்பிட்டு இந்தப் பெலம் வந்தது என்றுதான் கேட்டார்கள்.

வினோ முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்ததும் அமிர்தகழிக்குப் போனேன். மாமாங்கேஸ்வரர் முன்னால் நின்று, பெண் பிள்ளையாகக் கொடு என்று நேர்ந்தேன். நேர்ந்து கண்ணைத் திறக்கமுன்னமே தலைக்குள் அடித்தது: பெண்ணென்றால் அவளும் என்னைப்போல் ஒரு காவியாக இருக்கலாமே. ஆண் என்று மாற்றிக் கேட்க வாய் கூசியது. வினோவுக்கு அது இல்லாமலே இருக்கட்டும் என்று கேட்கலாம், ஆனால் அது அவள் பிறந்த அன்றே முடிந்த காரியம், சாமியாலும் இனி மாற்ற ஏலாது. பின்னால் நின்றவர்கள் தள்ளினார்கள். எதைக் கேட்பது என்று தெரியாமல் கும்பிட்ட கையோடு வெளியில் வந்துவிட்டேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்தாள். இப்போது வேலிப் பொட்டால் புக முடியாது, வாசலால் சுற்றித்தான் வருகிறாள். வாங்குப் பலகையில் இருந்துகொண்டு மூச்சு வாங்கினாள்.

"ஆருக்குக் கா எழுதுறாய்?"

"தம்பிக்கு."

அவள் அதைப் புதினமாக எடுக்கவில்லை. "என்னப்பத்தியும் இரிக்கா?" என்றாள். ஓம் என்றேன். வாங்கில் என் பக்கம் நகர்ந்து வந்தாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, முழங்கைக்குக் கீழே அமர்த்திப் பார்த்தாள். மாமி பார்த்த மாதிரி இல்லை. ஆற்றில் இறங்கமுன் ஊன்றும் கொம்பு தாங்குமா என்று பார்க்கிறவர்கள் பிடிப்பதுபோல் பிடித்தாள்.

எத்தனை காலமாக இவள் ஒரு கேள்வி கேட்பாள் என்று காத்திருந்தேன். அந்தப் பரிசோதனையை எங்கே செய்வது, டொக்டரிடம் என்ன சொல்வது, அப்படி ஏதாவது. அவள் கேட்டது வேறு.

"அக்கா, ஆம்புளப் புள்ளையாப் பொறந்து, அவனுக்கும் கால் வழங்காமப் போனா, நீ காவுவியா?"

எவ்வளவோ சொல்லியிருக்கலாம். இப்போதாவது போய்ப் பார்ப்போம் வா என்று கையைப் பிடித்து இழுத்திருக்கலாம். அவளுடைய கண்ணைப் பார்த்த பிறகு என் வாயில் ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது.

"ஓம். காவுவன்."

அவளுக்கு அது போதுமாக இருந்தது. முகம் தெளிந்து, வாங்கைப் பிடித்து எழும்பி, மெல்ல மெல்ல வீட்டுக்குப் போய்விட்டாள். நீ என்னிடம் கேட்டது இதை அல்ல என்று எனக்குத் தெரியும் தம்பி. எனக்கு ஏலுமானது இதுதான்.

அக்கா